பழைய பல்பு

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நீ பஸ் ஏறிப் போய் எட்டு நாளாகிறது. போனில் பேசலாம் என்றால் உன் தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நீ வெளியே வரும் நேரம் நான் ஏதாவது பிரசவ வீட்டில் கை கழுவிக்கொண்டிருப்பேன். நமக்குப் பழையபடி காகிதம்தான் வாய்த்தது.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். என் மர ஸ்கேலை நீ ஒடித்திருக்கக் கூடாது. நாலு வருஷமாகத் தினமும் காலையில் டேங்க் மூடியைத் திறந்து அதை விட்டுத்தான் பெட்ரோல் பார்த்தேன். கத்தியால் கீறிய இரண்டு கோடு. மேல் கோடு வரை நனைந்தால் கவலையில்லை. கீழ்க் கோட்டோடு நின்றால் பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டுத்தான் மறுவேலை. "நர்ஸம்மா வண்டிக்கும் காய்ச்சல் பாக்குறாங்க"ன்னு எதிர்வீட்டுத் தையல்காரர் கேலி செய்வார், செய்யட்டும். நீ என்னடாவென்றால் படக்கென்று ஒடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "விளக்கு இருக்கும்போது குச்சி எதுக்குக்கா?" என்கிறாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதையாக ஆகாமல் இருந்தால் சரி.

விளக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் இல்லாமல், ரிசர்வும் இல்லாமல் இந்த வண்டியைச் செய்தவனுக்கு என்ன அவசரமோ. பெட்ரோல் குறைந்தால் எரிய இருந்தது அந்த ஒரு பல்பு. வெயிலில் அது எரிகிறதா என்று கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். மேடு ஏறினால் எரியும், இறங்கினால் அணையும். அதைக் கழற்றிவிட்டு நீ போட்ட புது விளக்கு, இரண்டு வயரைச் சேர்த்துக் காட்டியபோது பளிச்சென்று கண்ணில் குத்தியது. பழைய பல்பை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நீ கழற்றிப் போட்ட எதையும் நான் எறிந்ததில்லை, வீட்டில் பாதிச் சாமான் அப்படிச் சேர்ந்ததுதான். உனக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தவள் நான், மறக்காதே.

வண்டி சுகாதார ஆபீஸுடையது. அதில் கைவைத்ததை யாரிடமும் பீற்றிக்கொள்ளாதே. போவதற்கு முன் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பி வைத்தாயே, அதற்கு மட்டும் சந்தோஷம்.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கேலுக்காக ஒரு பக்கம் திட்டியிருக்கிறாய். அடுத்த முறை ஒரு டஜன் ஸ்கேல் வாங்கி வருகிறேன், கோடு கீறி விளையாடு.

இங்கே எல்லாம் பழையபடிதான். மீட்டர் பெட்டி ஒன்று வரும், சோதிப்பேன், அடுத்தது வரும். என் மேஜையைத் தாண்டிப் போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. மேற்பார்வையாளர் போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னார். உன் தம்பிக்கும் ஊரில் நாலு பேர் மரியாதை தருகிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

விளக்கு எரிந்ததா? நீ வாரா வாரம் ஆபீஸ் சீட்டில் நிரப்புகிற ஆள், எரிய வாய்ப்பே வந்திருக்காது. எரிந்தால் பதறாதே. அதற்குப் பிறகும் ஒன்றரை லிட்டர் இருக்கும், ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். ஒரே ஒரு வேண்டுகோள். முதல்முறை எரிகிற அன்று தேதி, நேரம், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எந்த இடம், நாலையும் எழுதி அனுப்பு. நான் செய்தது வேலை செய்வதை நானே கண்ணால் பார்க்க முடியவில்லை அல்லவா, அந்தக் குறைதான்.

அதுவரை மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதே. எரியவில்லை என்றால் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம்.

திருப்புளி

*

மார்ச் 16

தம்பிக்கு,

உன் விளக்கு எரியவில்லை.

இந்த மாதம் முதல் வாரம் பெட்ரோல் சீட்டு வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் லீவு. விளக்கு எரியாததால் நானும் கவலைப்படவில்லை. பத்தாம் தேதி பகல் பதினொன்றரைக்கு, குவாரிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். தலைப்பிரசவம், வலி வந்துவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்றார். உடனேதான் கிளம்பினேன். குவாரி வளைவில், மேட்டின் நடுவில், இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றது. மூடியைத் திறந்து ஆட்டினேன். சத்தமே இல்லை.

அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளினேன். பிறகு வண்டியைச் சரிவில் போட்டுவிட்டு ஓடினேன். கடைசியில் கல் லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். நான் உள்ளே போனபோது குழந்தை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் எடுக்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் பையில் எல்லாம் இருந்தது. நாற்பது நிமிஷம் தாமதம். ஆண் குழந்தை.

அந்தப் பெண்ணை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

வண்டிப் பராமரிப்பில் அலட்சியம் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதினேழு வருஷ வேலை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதைப் பார்த்தேன். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்கிற தெம்பு இல்லை.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உன்னைப் பார்க்க உடனே கிளம்பலாம் என்று நினைத்தேன். நீ கதவைத் திறக்க மாட்டாய் என்று பயந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அக்கா, விளக்கு எரியாமல் இருக்க வழியில்லை. உன் கண் முன்னால்தானே வயரைச் சேர்த்துக் காட்டினேன்? கனெக்டர் எங்காவது கழன்றிருக்கலாம். வண்டியைக் கழுவும்போது தண்ணீர் போயிருக்கலாம். நீ அடிக்கடி சர்வீஸுக்கு விடுகிற கடைக்காரன் எதையாவது இழுத்து வைத்திருப்பான். நான் செய்த வேலையில் தப்பு இருக்காது, அது எனக்குத் தெரியும். முடிந்தால் டேங்க்கை வடித்துவிட்டு ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்.

இன்னொன்று. சீட்டு வராத வாரத்தில் விளக்கு எரியவேயில்லை என்றால் உனக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டாமா? கோபப்படாதே. கேட்கத் தோன்றியது.

திருப்புளி

*

ஏப்ரல் 1

தம்பிக்கு,

சந்தேகம் தட்டியது. அந்த வாரம் வியாழக்கிழமை காலை வண்டியைத் துடைக்கும்போது, இன்னுமா எரியவில்லை என்று நினைத்தேன். கை தன்னால் ஸ்கேல் இருந்த ஆணிக்குப் போனது. ஆணி மட்டும் இருந்தது. அடுப்படிக்குப் போய் வேறு குச்சி எடுத்து வந்திருக்கலாம். மூடியைத் திறந்து மோந்தாவது பார்த்திருக்கலாம். நீ எழுதிய வரிதான் ஞாபகம் வந்தது, எரியவில்லை என்றால் இருக்கிறது என்று. அப்படியே விட்டுவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன். இனி இந்தக் கேள்வியைக் கேட்காதே, நானே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வண்டியை நான் தொட முடியாது. விசாரணை முடியும்வரை ஆபீஸ் ஷெட்டில் சீல் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். என்னைப் பதிவு மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களின் பெயரும் வயதும் எழுதுகிறேன். போன திங்கட்கிழமை அந்தப் பெண்ணே பரிசோதனைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்து, "அன்னிக்கு ஏன்கா லேட்டாச்சு?" என்றாள். வண்டி நின்று போச்சு என்றேன். "ஏன் நின்னுச்சு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த சீட்டை எடு என்று யாரோ கூப்பிட்டார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேலதிகாரி நல்ல மனுஷர். "வெயில், மேடு, பழைய வண்டின்னு எழுதிக் குடுங்கம்மா, ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம்" என்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ உன் மேஜையைத் தாண்டிப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எழுதியிருந்தாய். இது வந்திருக்கிறது. என்ன ஆயிற்று என்று கண்டுபிடி.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

என்மேல்தான் தப்பு.

பழைய சாமான் கடையில் உன் வண்டியின் டேங்க் சென்ஸார் ஒன்று கிடைத்தது. ஒரு டின்னில் பெட்ரோல் ஊற்றி அதை முக்கினேன். உன் வண்டியில் எப்படி மாட்டினேனோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டினேன். பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தேன். சென்ஸார் முழுசாக வெளியே வந்து காற்றில் நின்றது. விளக்கு எரியவில்லை. அரை மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், எரியவேயில்லை. எடுத்துவிட்டுப் பழைய மாதிரிப் பல்பு ஒன்றை மாட்டினேன். ஒரு நிமிஷத்துக்குள் எரிந்தது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சென்ஸாருக்குள் மிளகு அளவில் ஒரு மணி இருக்கிறது. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்து கிடக்கும், கரண்டைத் துளிதான் விடும். பெட்ரோல் இறங்கினால் சூடாகும், சூடானால் வழிவிடும், விளக்கு எரியும். அந்த மணியைச் சூடாக்குவது பழைய பல்பு இழுக்கிற கரண்ட்தான். நான் போட்ட எல்இடி துளி கரண்டில் எரிகிற சாதி. அந்தத் துளி மணியைச் சூடாக்கப் போதாது. அந்தப் பல்பு மங்கலாக எரிந்தாலும் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

வயரைச் சேர்த்துக் காட்டினேனே, அது சென்ஸாரைத் தாண்டி நேராக விளக்குக்குக் கொடுத்தது. சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவேயில்லை. டேங்க்கை வடித்துப் பார்த்திருக்க வேண்டும். உனக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாமென்று முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தேன். நிரம்பிய டேங்க்கை வடிக்கச் சோம்பலாக இருந்தது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

இன்னொன்று இருக்கிறது, இதை எழுத மூன்று நாளாயிற்று. மாட்டிய அன்றே அந்த எல்இடி எந்நேரமும் லேசாக மினுங்கியது. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், மணி கசியவிடுகிற துளி கரண்டே அதற்குப் போதும் என்பது அன்றே பிடிபட்டிருக்கும். பார்க்க நன்றாக இல்லை என்று நடுவில் ஒரு சின்னப் பாகத்தைப் போட்டு அதை அடக்கினேன். அது என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயைப் பொத்தினேன்.

உன் மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் தபாலில் போடுகிறேன். மேஜையில் மீட்டர் வந்தால் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

கடிதத்தைப் போடாதே.

ஆபீஸ் வண்டியில் வெளியாள் கைவைக்க விட்டதே குற்றம். இப்போது என்மேல் அலட்சியம் என்று ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எச்சரிக்கையோடு முடியப்போகிறது. நீ உண்மையைச் சொன்னால் இரண்டாகும், பிரசவம் பார்க்கிற வேலையே போய்விடும். உன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி என் தலையில் வைக்காதே. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இதையும் விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

இப்படி எழுதிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று ஒரு உத்தரவு வந்தது. என் பகுதிக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வருகிறாள். மே நாலாம் தேதி சீலை உடைத்து அந்த வண்டியை அப்படியே அவளிடம் கொடுக்கிறார்கள். அவள் போக வேண்டியதும் அதே குவாரி வளைவு வழியாகத்தான்.

என்ன செய்வது என்று நீ சொல்லாதே. விளக்கை எப்படிச் சரிசெய்வது, அதை மட்டும் எழுதி அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலமும் படமும். வேலை பெரிதில்லை. எல்இடியை எடுக்க வேண்டாம், அதுதான் வெயிலில் தெரியும். பழைய பல்பை மீட்டருக்குப் பின்னால் மறைவாக, எல்இடியோடு இணையாக மாட்டிவிட வேண்டும், படத்தில் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். பல்பு கரண்டை இழுத்து மணியைச் சூடாக்கும், இரண்டும் சேர்ந்து எரியும். பொட்டலத்தில் இருப்பது மேட்டிலும் பள்ளத்திலும் மினுக்காமல் பார்த்துக்கொள்ளும். இந்தத் தடவை நாற்பது முறை பெட்ரோலை வடித்துப் பார்த்தேன். நாற்பது முறையும் எரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்வாய்.

ஏதாவது சாக்குச் சொல்லி அரை மணி நேரம் வண்டி உன் கையில் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. நீ சொல்லாதே என்றாய், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் விளக்கை நம்பாதே, தினமும் குச்சி விட்டுப் பார் என்று மட்டும் சொல்லிவிடு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. உன் வேலையும் போகாது, அவளும் நடுவழியில் நிற்க மாட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். என்னை மன்னிப்பாயா?

தம்பி

*

ஜூன் 5

தம்பிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

உன் யோசனையைத்தான் முதலில் செய்து பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் செய்தேன். மே மூன்றாம் தேதி புது நர்ஸ் வந்தாள். இருபத்து நாலு வயது, பையைக் கூட இன்னும் சரியாக அடுக்கத் தெரியவில்லை. புது மர ஸ்கேல் ஒன்று வாங்கிக் கோடு கீறி அவள் கையில் கொடுத்து, தினமும் விட்டுப் பார் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "விளக்குதான் இருக்கேக்கா, குச்சி எதுக்கு?" என்றாள். ஸ்கேலை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நேராக மேலதிகாரி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு, "எச்சரிக்கையோட முடிச்சு வச்சிருந்தேனேம்மா" என்றார். யார் மாற்றியது என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நீ அனுப்பிய படத்தின் மூலையில் வழக்கம்போல் உன் கையெழுத்தைப் போட்டிருந்தாய், கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஆபீஸ் மெக்கானிக் வந்து மாட்டினார். மாத்திரை டப்பாவிலிருந்த பழைய பல்பையே கொடுத்தேன். புது நர்ஸைப் பக்கத்திலேயே நிற்க வைத்து, டேங்க்கை முழுசாக வடித்து, எரிந்ததைப் பார்த்த பிறகுதான் அவளைக் கையெழுத்துப் போடவிட்டேன். "இந்த வேலையைச் செஞ்சவன் கெட்டிக்காரன்தான், ஆனா அவசரக்காரன்" என்றார் மெக்கானிக்.

என்னைத் தலைமை மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனி பிரசவம் பார்க்க அனுமதி இல்லை. ஜன்னல் இல்லாத அறை. பஞ்சுச் சுருளும் ஊசியும் எடுத்துக் கொடுக்கிறேன். பதினேழு வருஷத்தில் என் கையில் விழுந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். அப்போதுதான் அழுகை வருகிறது.

போவதற்கு முன் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தே போனேன். வண்டி ஏன் நின்றது என்று கேட்டாள் அல்லவா, அதற்குப் பதில் சொன்னேன். ஸ்கேல், விளக்கு, அந்த வியாழக்கிழமை, எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. வெளியேயும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பினேன்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. என்னையே இன்னும் மன்னிக்கவில்லை, உன் முறை அதற்குப் பிறகுதான். ஆனால் கோபம் தீர்ந்து போயிற்று, அதை மட்டும் சொல்ல முடியும். லீவு கிடைத்தால் வா. திருப்புளியை எடுத்து வராதே.

புது நர்ஸ் நேற்று மருந்து வாங்கக் கிடங்குக்கு வந்திருந்தாள். அதே குவாரிக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனாளாம். "பாதி வழியில லைட் எரிஞ்சுதுக்கா. அந்த வெயில்லயும் நல்லா தெரிஞ்சுது. பயந்துட்டேன், ஆனா நிக்காம போய்ச் சேந்துட்டேன், திரும்பி வந்துதான் பெட்ரோல் போட்டேன்" என்றாள். பெண் குழந்தையாம். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அழுததாம்.

நீ நாலு விஷயம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுதிக்கொள்.

தேதி, ஜூன் 3. நேரம், பகல் பன்னிரண்டு. மீட்டரில் நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. இடம், குவாரி வளைவு.

அக்கா